அந்த ஐந்து மாத்திரைகள்



இந்த மாதம் கருக்கலைப்பு மாத்திரையைப் பற்றி எழுதப் போகிறேன். குடும்பத்தோடு வாசிக்கிற பத்திரிகையில் இது தேவையா என்று முகம் சுளிக்கிறவர்கள் இருப்பீர்கள். ஆனால் குடும்பமாக உட்கார்ந்து ஒருநாளும் பேசாததால்தான் இந்தக் காரியம் நம் வீடுகளிலேயே, காலையிலும் மாலையிலும் ஜெபம் நடக்கிற வீடுகளிலேயே, சத்தமில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

நம் அலுவலகத்துக்குப் பெயர் போடாத கடிதங்கள் எப்போதும் வருவதுண்டு. சில காலமாக அவற்றில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: “அக்கா, மாத்திரை போட்டுவிட்டேன். ஆண்டவர் என்னை மன்னிப்பாரா?” ஊர் பெயர் இருக்காது, சபை பெயர் இருக்காது. கல்யாணமாகாத பிள்ளைகள்தான் இப்படி எழுதுவார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கைக்குழந்தை பால் மறக்கும் முன்பே அடுத்தது தங்கிவிட்ட தாய்மார் எழுதுகிறார்கள். “ரெண்டும் பொண்ணு, மூணாவதும் அப்படியே இருந்தா என்ன செய்வே?” என்று மாமியார் கேட்டதற்குப் பதில் தெரியாத மருமகள்கள் எழுதுகிறார்கள். வீட்டில் வருமானம் நின்றுபோன நேரத்தில் நாள் தள்ளிப் போனவர்களும் உண்டு. இவர்களில் பலர் ஞாயிறு ஆராதனையில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள்.

முதலில் இந்த மாத்திரை என்ன செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். கடையில் ‘கிட்’ என்று சொல்லி வாங்குகிற அட்டையில் ஐந்து மாத்திரைகள் இருக்கும். ஒன்று மிஃபெப்ரிஸ்டோன். மற்ற நான்கும் மிசோப்ரோஸ்டால். கர்ப்பம் நிலைத்திருக்க புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் வேண்டும். முதல் மாத்திரை அந்த ஹார்மோனை வேலை செய்ய விடாமல் தடுக்கிறது. ஒன்றிரண்டு நாள் கழித்து எடுக்கும் மற்ற மாத்திரைகள் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து உள்ளே இருப்பதை வெளியேற்றுகின்றன. பிரான்சில் 1980-ல் உருவான மருந்து இது. அங்கே 1988-லும், அமெரிக்காவில் 2000-லும், நம் நாட்டில் 2002-லும் அனுமதி பெற்றது. இரண்டு மருந்தையும் ஒரே அட்டையில் வைத்து விற்க 2008-ல் இங்கே அனுமதி கிடைத்தது. கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணி 63 நாளுக்குள்தான் அதைக் கொடுக்கலாம், அதையும் டாக்டர்தான் கொடுக்க வேண்டும், டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கக் கூடாது என்பது சட்டம்.

நடப்பு வேறு. 2015-ம் ஆண்டில் இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகளைக் கணக்கிட்ட ஓர் ஆய்வு ‘லான்செட்’ குழுமத்தின் மருத்துவ இதழில் வந்தது. நம் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் விவரம் திரட்டி எழுதியது. அந்த ஒரே ஆண்டில் ஏறக்குறைய 1 கோடியே 56 லட்சம் கருக்கலைப்புகள். அவற்றில் நூற்றுக்கு 73, எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்காமல் மாத்திரையால் நடந்தவை. எண்ணிக்கையைப் பார்த்ததும் நாடு எங்கே போகிறது என்று பெருமூச்சு விடத் தோன்றும். எனக்கு அந்த 73-தான் நெஞ்சில் நின்றது. அத்தனை பெண்களும் யாரிடமும் வயிற்றைக் காட்டாமல், இரத்தம் எவ்வளவு போனால் பயப்பட வேண்டும் என்று சொல்ல ஆளில்லாமல், வீட்டுக் கழிவறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இதைக் கடந்திருக்கிறார்கள்.

என் விசுவாசத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தாயின் கருவில் உருவாகிறது தேவன் அறிந்த ஓர் உயிர் என்று நான் நம்புகிறேன். தன்னைக் கருவிலேயே பார்த்த கண்களைப் பற்றித் தாவீது பாடியதும், உருவாகும் முன்னே அறியப்பட்டதாக எரேமியா கேட்டதும், எலிசபெத்தின் வயிற்றில் பிள்ளை துள்ளியதும் அலங்காரப் பேச்சு என்று எனக்குத் தோன்றியதில்லை. ஆதித் திருச்சபையும் அப்படித்தான் நின்றது. வேண்டாத பிள்ளையைத் தெருவோரம் போட்டுவிட்டுப் போவதை ரோமர்கள் சாதாரணமாக எண்ணிய காலம் அது. அப்போதே ‘டிடாக்கே’ என்ற பழைய சபை ஒழுங்கு நூல் கருவை அழிப்பதையும் பிறந்த சிசுவைக் கொல்வதையும் ஒன்றாக வைத்துத் தடுத்தது. ஆறாவது வாரத்தை ஒட்டி ஸ்கேனில் இதயத் துடிப்பு தெரிகிறது. ‘கிட்’ வாங்கப்படுகிற நேரமும் பெரும்பாலும் அதுதான். ஆகவே, இது வெறும் ‘நாள் வரவைக்கிற’ மாத்திரை என்று கடைக்காரரோ பக்கத்து வீட்டுக்காரியோ சொன்னால் அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

ஆனால் உயிரைக் காக்கிறோம் என்று சொல்லி உண்மைக்கு மாறானதைச் சொல்லவும் எனக்கு மனமில்லை. சில கூட்டங்களில், ‘மாத்திரை போட்டால் இனிமேல் பிள்ளையே பிறக்காது’, ‘மார்பகப் புற்றுநோய் வரும்’ என்றெல்லாம் மேடையில் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். புற்றுநோய்த் தொடர்பு இல்லை என்று அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டம் 2003-லேயே சொல்லிவிட்டது. சிக்கலில்லாமல் முடிந்தால் பின்னால் கர்ப்பம் தரிப்பதற்கும் தடை வருவதில்லை. ஆரம்ப வாரங்களில், டாக்டர் பரிசோதித்துக் கொடுத்து, பின்னாலும் கவனித்தால் உயிராபத்து அபூர்வம் என்பதுதான் மருத்துவ உண்மை. அதை மறைத்துப் பேசினால், மாத்திரை போட்டு ஒன்றும் ஆகாத ஒரு பெண் நாம் சொன்ன மற்ற எல்லாவற்றையும் பொய் என்றே எண்ணிக்கொள்வாள். சத்தியத்தைச் சொல்லிப் பழகிய மக்கள் நாம். பயத்தை விற்க வேண்டிய அவசியம் நமக்கு இல்லை.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது தெரியுமா? பரிசோதனை இல்லாமல் போடுவதில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தயவுசெய்து வீட்டிலுள்ள பெண்பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, கரு கர்ப்பப்பையில்தான் இருக்கிறதா என்பதே தெரியாமல் போடுவது. நூறு கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ கருக்குழாயில் தங்கிவிடும். இந்த மாத்திரை அதை அசைக்காது. கரு குழாயிலேயே வளர்ந்து ஒருநாள் குழாய் வெடிக்கும். அப்போது வருகிற அடிவயிற்று வலியையும் இரத்தத்தையும், ‘மாத்திரை வேலை செய்கிறது’ என்று அந்தப் பெண் பொறுத்துக்கொண்டிருப்பாள். வெளியே வருவது சிறு கசிவாகத்தான் இருக்கும். வயிற்றுக்குள்ளே இரத்தம் தேங்கிக்கொண்டிருக்கும். மயங்கி விழும்போதுதான் வீட்டாருக்குத் தெரியும். ஒரு ஸ்கேன் எடுத்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கக்கூடிய ஆபத்து இது.

நம் மாநிலத்தில் இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 அளவுக்கு சிசேரியன். சிசேரியன் ஆன பெண்களில் சிலருக்கு அடுத்த கரு பழைய தையல் தழும்பிலேயே ஒட்டிக்கொள்ளும். அபூர்வம்தான், ஆனால் அந்த நிலையில் வீட்டிலிருந்தபடி மாத்திரை போட்டால் கட்டுக்கடங்காத இரத்தப்போக்கு வரலாம். முதல் பிள்ளை ஆபரேஷனில் பிறந்தது என்பதைக் கடைக்காரர் கேட்கப் போவதில்லை. இவளாகச் சொல்லப் போவதும் இல்லை.

அடுத்தது, வாரக் கணக்கு. “நாள் தள்ளி ஒன்றரை மாசந்தான் ஆகுது” என்று சொல்கிறவளுக்கு உண்மையில் பத்து வாரம் ஆகியிருக்கும். கணக்கு நாள் தள்ளிய தேதியிலிருந்து தொடங்குவதில்லை, அதற்கு முந்தைய மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. 63 நாள் எல்லை அவள் அறியாமலே தாண்டியிருக்கும். பால் கொடுக்கிற தாய்க்கோ இன்னும் சிரமம். பிரசவத்துக்குப் பிறகு மாதவிலக்கே வராத நிலையில் கர்ப்பம் தரித்தால் எதிலிருந்து எண்ணுவாள்? வாரம் கூடக்கூட முழுதாக வெளியேறாமல் மிச்சம் தங்குவது அதிகமாகும், இரத்தப்போக்கும் அதிகமாகும். சரியான முறையில் கொடுத்தாலே நூற்றில் இரண்டு முதல் ஐந்து பேருக்குப் பிறகு ‘கழுவி விட’ வேண்டியிருக்கிறது. எப்படியாவது பேர் வெளியே தெரியாமல் முடித்துவிட வேண்டும் என்று மாத்திரையைத் தேடிப் போனவள் கடைசியில் அதே ஆஸ்பத்திரிக்கு, இன்னும் மோசமான நிலையில் வந்து சேருகிறாள்.

ஆணா பெண்ணா என்று சட்டவிரோதமாகப் பார்த்துவிட்டு நாலு மாதம், ஐந்து மாதத்தில் மாத்திரை கொடுப்பது இவை எல்லாவற்றிலும் கொடியது. ஒன்பது வாரத்துக்குள் ஸ்கேனில் ஆண் பெண் தெரியாது. அப்படியானால் ‘பெண் என்று தெரிந்ததால்’ கொடுக்கப்படும் மாத்திரை எப்போதும் எல்லை தாண்டிய மாத்திரைதான். தருமபுரிப் பக்கம் இப்படிப்பட்ட ஸ்கேன் கும்பல்கள் பிடிபட்ட செய்திகளை நாம் எல்லோரும் படித்தோம். படித்துவிட்டு அது யாரோ செய்கிறது என்று பக்கத்தைத் திருப்பினோம். பெண் குழந்தை பிறந்த வீட்டுக்கு ஜெபிக்கப் போகிற நம்மில் எத்தனை பேர், “அடுத்தது ஆண்பிள்ளையாகக் கர்த்தர் தருவார்” என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறோம்? ஆறுதல் என்று நாம் நினைத்துச் சொன்ன வார்த்தை அந்தத் தாயின் கழுத்தில் எந்தச் சுருக்கைப் போடுகிறது என்று யோசிக்க வேண்டும்.

பிறகு இரத்தசோகை. அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இரத்தம் குறைவு என்று வந்திருக்கிறது. ஏற்கெனவே வெளுத்துப்போன உடம்பு, சாதாரணமாகத் தாங்கக்கூடிய இரத்த இழப்பைக்கூடத் தாங்காது. இரத்தம் உறையாத நோய் உள்ளவர்கள், இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர்கள், ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ நெடுநாளாக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், ‘காப்பர்-டி’ உள்ளேயே இருக்கிறவர்கள் — இவர்களுக்கு இந்த மருந்து ஆகாது, அல்லது தனிக் கவனம் வேண்டும். மாத்திரை போட்டும் கர்ப்பம் தொடர்ந்தால் பிள்ளைக்குக் கை, கால், முகத்தில் குறைபாடு வரவும் இடமுண்டு.

இந்தப் பக்கத்தை வாசிக்கிற நேரத்தில் ஏற்கெனவே மாத்திரை போட்டுவிட்ட ஒரு பெண் இருந்தால், அவளிடம் நேராகப் பேசுகிறேன். மகளே, மற்றதை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். தொடர்ந்து இரண்டு மணி நேரம், மணிக்கு இரண்டு பெரிய நாப்கின் முழுவதும் நனைந்தால் காத்திருக்காதே. இரண்டாவது தவணை மாத்திரைகளுக்குப் பிறகு ஒருநாள் கடந்தும் காய்ச்சல் இருந்தாலோ, நாற்றமடிக்கிற வெள்ளைப்படுதல் இருந்தாலோ, தலைசுற்றலும் தோள்பட்டை வலியும் வந்தாலோ, இரத்தமே வராமல் இருந்தாலோ, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. 108-ஐக் கூப்பிடு. என்ன சாப்பிட்டாய் என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல். உன் பெயரையும் விவரத்தையும் அவர்கள் வெளியே சொல்லக் கூடாது என்று 2021-ல் திருத்தப்பட்ட சட்டமே சொல்கிறது. இரத்தமெல்லாம் நின்று நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும், இரண்டு வாரம் கழித்து ஒருமுறை காட்டிவிடு.

முதல் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு மனம் மாறியவர்களும் உண்டு. மற்ற நான்கையும் எடுக்காமல் அன்றைக்கே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். கரு பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு. புரோஜெஸ்டிரோன் ஊசி போட்டால் முதல் மாத்திரையின் வேலையை நிச்சயமாகத் திருப்பிவிடலாம் என்று வெளிநாட்டு ஊழியங்கள் சில சொல்கின்றன. அது இன்னும் நிரூபிக்கப்படவில்லை. இதைச் சோதிக்க அமெரிக்காவில் தொடங்கிய ஓர் ஆய்வு, சில பெண்களுக்குக் கடும் இரத்தப்போக்கு வந்ததால் 2019-ல் பாதியில் நிறுத்தப்பட்டது. ஆகவே வாட்ஸ்அப்பில் வந்ததை நம்பி யாரும் தாங்களாகவே எதையும் செய்ய வேண்டாம்.

இன்னொரு கூட்டத்தாரையும் இங்கே அணைத்துக்கொள்ள வேண்டும். பிள்ளை வயிற்றிலேயே துடிப்பு நின்றுபோன தாய்க்கு டாக்டர்கள் இதே மாத்திரைகளைத் தருவார்கள். அட்டையின் பெயரைப் பார்த்துவிட்டு, ‘நானும் பாவம் செய்கிறேனா?’ என்று கலங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இல்லை அம்மா. நீங்கள் பிள்ளையை இழந்த தாய். கருக்குழாயில் தங்கிய கருவுக்கான சிகிச்சையும் உங்கள் உயிரைக் காக்கிற சிகிச்சைதான், தயங்கி நாளைக் கடத்த வேண்டாம். பிரசவ அறையில் பிள்ளை பிறந்த பிறகு இரத்தம் நிற்காமல் போகிற தாயைக் காப்பாற்றவும் மிசோப்ரோஸ்டால் பயன்படுகிறது. அந்த மாத்திரையால் உயிரோடு வீடு திரும்பிய தாய்மார் நம் சபைகளிலேயே இருப்பார்கள்.

சரி, ஏன் ஒரு கிறிஸ்தவப் பெண் டாக்டரிடம் போகாமல் கடைக்குப் போகிறாள்? பப்பாளிக்காய், எள்ளு, கருப்பட்டி என்று வீட்டு வைத்தியமெல்லாம் ஏன் முதலில் செய்து பார்க்கிறாள்? தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்கள் என்ற பயம். நர்சம்மா கர்ப்பத்தைப் பதிவு செய்துவிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும் என்ற பயம். இந்தப் பயங்களில் பெரிய பங்கு நாம் கொடுத்தது. வாலிபர் கூட்டத்தில் பரிசுத்தத்தைப் பற்றிப் பேசுகிறோம், நல்லது. தவறு நடந்துவிட்டால் யாரிடம் வரலாம் என்று ஒருமுறையாவது சொன்னோமா? கல்யாணத்துக்கு முன் கர்ப்பமான பிள்ளையை ஆலயத்தில் எப்படி நடத்துவார்கள் என்பதை மற்றப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அவளோடு சேர்ந்த பையன் அடுத்த வாரமும் பாடகர் குழுவில் நின்று பாடுவதையும் பார்க்கிறார்கள்.

கல்யாணமான பெண்களின் கதையில் இன்னொரு உண்மை இருக்கிறது. பலருக்கு இது அவர்கள் எடுத்த முடிவே இல்லை. மாத்திரையை வாங்கி வந்து தண்ணீர்த் தம்ளரோடு நீட்டியது கணவராக இருக்கும். ‘இப்ப வேண்டாம், அடுத்தது பார்த்துக்கலாம்’ என்று முடித்துவிட்டது பெரியவர்களாக இருக்கும். பதினெட்டு வயது நிறைந்த பெண்ணின் சொந்தச் சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க எவருக்கும் அதிகாரம் இல்லை. அவள் சம்மதமின்றிச் செய்வது ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றம். இதை நம் ஆண்களுக்குச் சொல்ல வேண்டும். திருமண ஆயத்த வகுப்பில் ஐயர்மார் சொன்னால் இன்னும் நல்லது. அதே வகுப்பில் குடும்பக் கட்டுப்பாட்டையும் வெட்கப்படாமல் பேசலாம். கத்தோலிக்கச் சகோதரர்கள் இயற்கை முறையை மட்டும் ஏற்கிறார்கள், நம்மில் பலர் மற்ற வழிகளையும் ஏற்கிறோம். எந்த வழியானாலும், பேசாமலே விட்டு வைத்து பிறகு ‘கிட்’டையே குடும்பக் கட்டுப்பாடாக ஆக்கிக்கொள்வதைவிட எவ்வளவோ மேல்.

லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ஊர் நம்ப முடியாத ஒரு கர்ப்பத்தோடு ஒரு சின்னப் பெண் மலைநாட்டுக்கு விரைகிறாள். அங்கே வயதான உறவுக்காரி கதவைத் திறக்கிறாள். விசாரணை இல்லை. வாழ்த்தோடு உள்ளே அழைக்கிறாள். மரியாள் அந்த வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதம் தங்கினதாக வேதம் சொல்கிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதம். நம் பிள்ளைகள் தனியே மருந்துக்கடை வாசலில் நிற்கிற அதே மாதங்கள். யோசேப்போ இன்னும் ஒரு தீர்மானத்துக்கு வரவில்லை, நாசரேத் என்ன பேசும் என்று தெரியவில்லை. அந்த மாதங்களைக் கடத்த அவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. ஒவ்வொரு சபையிலும் எலிசபெத்தைப் போல இரண்டு பெரியம்மாக்கள் இருந்தால் போதும் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது. பிரசங்கம் செய்யத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கேட்டதை வெளியே விடாத வாய் வேண்டும், கூடவே ஆஸ்பத்திரிக்கு வரக் கால் வேண்டும்.

நம் மண்ணிலேயே இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீடுகளிலிருந்து ஆண்கள் ஐடா ஸ்கடர் என்ற இளம்பெண்ணிடம் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க வரும்படி கேட்ட சரித்திரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான அவருடைய தகப்பனாரையோ, ஆண் என்பதால், அவர்கள் உள்ளே விடத் தயாராக இல்லை. மூன்று பெண்களும் விடியுமுன் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடாவை மருத்துவம் படிக்க அனுப்பியது. 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வேலை இன்றைக்குச் சி.எம்.சி. மருத்துவமனையாக நிற்கிறது. மானம் என்று சொல்லி மூடிய கதவுக்குப் பின்னால் பெண்கள் செத்துக்கொண்டிருந்தார்கள், அந்தக் கதவைத் திறக்கத் தன்னால் ஆனது என்ன என்று அவர் தேடினார். அடுத்த ஆண்டே தெற்கே ஏமி கார்மைக்கேல் அம்மையாரிடம் தப்பி வந்த ஒரு சிறுமியிலிருந்து டோனாவூர் குடும்பம் என்ற பிள்ளைகள் இல்லம் பிறந்தது. வேண்டாம் என்று விடப்பட்ட பச்சைக் குழந்தைகளுக்கும் அந்த வீட்டில் இடம் இருந்தது. 1979-ல் நோபல் பரிசு மேடையில் அன்னை தெரசா கருக்கலைப்புக்கு எதிராக உரக்கப் பேசியபோது, அவரிடம் காட்டுவதற்குத் தொட்டில்கள் இருந்தன. குழந்தையை அழிக்காதீர்கள், எங்களிடம் தாருங்கள் என்று ஆஸ்பத்திரிகளுக்கும் காவல் நிலையங்களுக்கும் அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

நாமும் பிள்ளையைப் பெற்றெடு என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அடுத்த வாக்கியத்தில் நாம் என்ன செய்யப் போகிறோம் என்றும் சொல்ல வேண்டும். வளர்க்கவே முடியாது என்கிற தாய், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் குழந்தையைச் சட்டப்படி ஒப்படைக்கலாம். மனம் மாறினால் திரும்பப் பெற அவளுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. கல்யாணமாகாத தாய்க்கும் இது பொருந்தும். 1992-ல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டமும் நம் மாநிலத்தில் இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. உடல்நலச் சந்தேகங்களுக்கு 104, வீட்டில் அடி, மிரட்டல் என்றால் 181. இவற்றையெல்லாம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவைக்கலாம். பிள்ளைக்குப் பால் மாவும் பள்ளிக் கட்டணமும் யார் தருவார் என்ற கேள்விக்குச் சபையின் வரவு செலவுக் கணக்கில் ஒரு வரி இருக்கட்டும். கொடிமரத்துக்கு வர்ணம் அடிக்க நமக்குப் பணம் கிடைக்கிறதே.

இனி, அந்தப் பெயரில்லாத கடிதங்களுக்கான பதில். தபாலில் அனுப்ப முகவரி இல்லாததால் இங்கேயே எழுதுகிறேன்.

அன்பான தங்கச்சி, ஆண்டவர் உன்னை மன்னிப்பாரா என்று கேட்டாய். மன்னிப்பார். சிலுவை உன் ஒருத்தியின் காரியத்துக்கு மட்டும் குட்டையாகிப் போகவில்லை. கருக்கலைப்பைக் கடுமையாகக் கண்டித்து 1995-ல் சுற்றுமடல் எழுதிய போப் இரண்டாம் ஜான் பால், அதே மடலில் உன்னைப் போன்ற பெண்களை நோக்கி, நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று தனியாக எழுதினார். இந்தப் பாவத்துக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தை எல்லாக் குருமாருக்கும் 2016-ல் போப் பிரான்சிஸ் நிரந்தரமாகக் கொடுத்தார். மனம் வருந்தி வருகிறவளுக்குக் கதவு கிட்டத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். நாம் வேறு சபையைச் சேர்ந்தவர்களாக இருந்தாலும், நாம் அறிக்கையிடுகிற ஆண்டவர் ஒருவரே. எல்லாப் பெண்களுக்கும் ஒரே மாதிரித் துக்கம் வரும் என்று நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வருவதில்லை, சிலருக்குப் பல வருடம் கழித்து வருகிறது. உனக்கு வந்திருக்கிறது என்றால் அதைக் குற்றவாளிக் கூண்டில் நின்று அனுபவிக்காதே. ஒரு பிள்ளையை இழந்த துக்கமாகவே அழு. தூக்கம் கெட்டு, பிழைத்திருக்கவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் மனநல மருத்துவரிடம் போ. ஜெபமும் மருந்தும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. உன்னை இதற்குத் தள்ளியவர்கள் இருந்தால், அவர்களுடைய பங்கை நீ சேர்த்துச் சுமக்க வேண்டாம்.

போதகர்களுக்கும் ஒரு விண்ணப்பம் ஐயா. இதைப் பற்றிப் பிரசங்கிக்கும் ஞாயிறன்று, கூட்டத்தில் அந்தத் தங்கச்சி உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பிரசங்கியுங்கள். அவளுடைய கணவரும் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த இதழிலிருந்து மகப்பேறு மருத்துவர் ஒருவர் நம் வாசகியரின் கேள்விகளுக்குப் பதில் எழுதச் சம்மதித்திருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம், வயதும் கேள்வியும் மட்டும் போதும். உறையின் மேல் ‘அக்காவுக்கு’ என்று எழுதிவிடுங்கள். அந்த உறைகளை அலுவலகத்தில் வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள், நானே பிரித்து வாசிப்பேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
உங்கள் சகோதரி,
ஆசிரியர்